அருவிக்கரை மரம் யாருடையது?

மலையருவிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம் இருந்தது. அதன் பொந்தில் ஓர் இருவாச்சிக் குடும்பம் குடியிருந்தது. தாய்ப்பறவை வாசலை மண் பூசி அடைத்துக்கொண்டு, குஞ்சோடு உள்ளே இருந்தது. அதன் இறகுகள் உதிர்ந்திருந்தன. குஞ்சு வளரும்வரை அதனால் பறக்க முடியாது. சின்ன இடுக்கு வழியாக ஆண் இருவாச்சிதான் பழம் ஊட்டியது.

அருவியின் அழகைக் கேள்விப்பட்டு, ஏழு மலைக்கும் ராஜாவான புலி வந்தது.

"அழகான இடமெல்லாம் ராஜாவுக்குத்தான் சொந்தம்! உள்ளூர்க்காரர்கள் கையில் விட்டால் நாசமாக்கிவிடுவார்கள்!" என்று சொல்லி, மரத்தில் நகத்தால் ஒரு கோடு கீறியது. கீறியவருக்கே சொந்தம் என்பது அந்தக் காட்டு வழக்கம்.

அந்த மலையின் தலைவரான கரடிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்கேயோ உட்கார்ந்திருக்கும் உனக்கு இங்கே என்ன வேலை? எங்கள் மலை, எங்கள் அருவி!" என்று புலியின் கோட்டை அழித்து, இன்னும் ஆழமாகக் கீறியது.

அதை அழிக்கப் புலி அதைவிட ஆழமாகக் கீறியது. கரடி விடுமா? மாறி மாறிக் கீறியதில் பட்டை போய், மரத்தின் வயிறே குழிந்துவிட்டது. இரண்டு பேருக்கும் அந்த மரத்தின்மேல் அவ்வளவு அக்கறை!

"ஐயா, நிறுத்துங்கள்! உள்ளே என் பெண்சாதியும் பிள்ளையும் இருக்கிறார்கள்!" என்று ஆண் இருவாச்சி கதறியது.

"உங்களைக் காப்பாற்றத்தானே நான் வந்திருக்கிறேன்!" என்றது புலி.

"உங்களுக்காகத்தானே நான் சண்டை போடுகிறேன்!" என்றது கரடி.

அன்று மாலை காற்று அடித்தது. மரம் முறிந்து விழுந்தது. பொந்தின் வாசல் தரையோடு அழுந்திக்கொண்டது.

"உள்ளே சத்தம் கேட்கிறது! உயிரோடுதான் இருக்கிறார்கள்! மரத்தைக் கொஞ்சம் புரட்டிவிடுங்கள்!" என்று இருவாச்சி இருவர் காலடியிலும் விழுந்து கெஞ்சியது.

புலி கரடியைப் பார்த்தது. "உன் மலையில் விழுந்த மரம். நீ புரட்டு!"

"கடைசியாகக் கீறியது உன் நகம். இது உன் மரம், நீ புரட்டு!" என்றது கரடி.

"உன்னுடையது!"

"இல்லை, உன்னுடையது!"

அவை கத்திய கத்தலில், பொந்துக்குள் கேட்ட சத்தம் எப்போது நின்றது என்றுகூட இருவாச்சிக்குத் தெரியவில்லை.

நிற்கும்வரை என்னுடையது என்பவர்களும் விழுந்ததும் உன்னுடையது என்பவர்களும் ஒரே ஆட்கள்தான். அவர்களில் யாரையும் காவலன் என்று நம்பாதீர்கள்.