தும்மல் ஓட்டு

கலஹாரிப் புல்வெளியில் அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. மிஞ்சியது ஒரே ஒரு குட்டை. அதன் நடுவில் காட்டின் தலைவரான காட்டெருமையார் சாவகாசமாகப் படுத்திருப்பார். "எனக்குப் போக மீதி உங்களுக்கு!" என்பார். மீதி என்பது வெறும் சேறுதான்.

நலேடி என்ற வரிக்குதிரையின் குட்டிக்கு நாக்கு வறண்டு, எழுந்து நிற்கவே தெம்பில்லை. அதைப் பார்க்கப் பார்க்க நலேடிக்கு வயிறு எரிந்தது. "எல்லாரும் முறைவைத்துத் தண்ணீர் குடிப்போம்!" என்று சொல்லித் தேர்தலில் நின்றுவிட்டது.

அந்தக் காட்டில் ஓட்டு என்றால் தும்மல். கிளம்பலாமா, இருக்கலாமா என்பதைக் காட்டுநாய்கள் தும்மித்தான் முடிவு செய்யும். அந்த வழக்கத்தையே மற்ற விலங்குகளும் எடுத்துக்கொண்டன. பெயரைச் சொன்னதும், வேண்டியவர்கள் தும்ம வேண்டும். அதிகத் தும்மல் வாங்கியவர் தலைவர். எண்ணுவது காட்டுநாயின் வேலை.

தேர்தல் நாளன்று காட்டுநாய் முதலில் காட்டெருமையாரின் பெயரைச் சொன்னது. அவர் கரையோரமாக வந்து, மூக்கை மட்டும் தண்ணீருக்குள் அமிழ்த்திக்கொண்டு, பின்னங்கால்களால் மண்ணை உதைத்தாரே பார்க்கலாம்! புழுதி கிளம்பியது.

"ஹச்! ஹச்! ஹச்!"

காடே தும்மியது. நலேடியும் தும்மிவிட்டது! 'போச்சு, இனி என் குட்டி பிழைக்காது' என்று அதற்குக் கண் கலங்கியது.

"புழுதி அடங்கட்டும். அப்புறம் அடுத்த பெயர்," என்றது காட்டுநாய்.

"எதற்கு? அதுதான் எல்லாரும் எனக்குத் தும்மியாயிற்றே! சட்டுபுட்டென்று முடி!" என்று காட்டெருமையார் தலையைத் தூக்கிச் சிரித்தார்.

"சரி. நலேடி!"

மறுபடியும் காடே தும்மியது. கடைசியாக, குட்டையே அதிரும்படி ஒரு "ஹ...ச்சூ!" அது காட்டெருமையாருடையது. சிரித்தவர் மூக்கிலும் புழுதி ஏறிவிட்டது.

"நலேடிக்கு ஒரு தும்மல் கூடுதல்!" என்றது காட்டுநாய்.

"செல்லாது! அது புழுதியால் வந்த தும்மல்!"

"அப்படியா தலைவரே? உங்களுக்கு விழுந்ததெல்லாம் எதனால் வந்ததாம்? வேண்டுமானால் புழுதி அடங்கியபின் மறுபடி நடத்தட்டுமா?"

காட்டெருமையார் சுற்றிலும் பார்த்தார். தனக்காகத் தும்ம ஒரு மூக்குகூட இல்லை என்று அவருக்கே தெரிந்தது. கரையேறி நடந்தார்.

குட்டிகளுக்கே முதல் முறை என்று நலேடி அறிவித்தது. அதன் குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டு, தன் காலிலேயே எழுந்து நின்றது.

ஊரை ஏமாற்றி ஜெயிக்க ஒருவர் கிளப்பும் புழுதி, கடைசியில் அவர் மூக்கிலேயே ஏறும்.