எலும்போரத் துண்டு

ஜெசிந்தாவின் கடையில் முதல் துண்டு யாருக்கும் கிடைக்காது. அதை அவளே சாப்பிட்டுவிடுவாள்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலையில் அவள் கடை. தகர டிரம்மைப் பாதியாக அறுத்துக் கால் வைத்த அடுப்பு, மேலே கம்பி வலை, அவ்வளவுதான். ஊளி மீன், சங்கரா மீன், கணவாய், காடை, கோழித் தொடை என்று அன்றைக்கு எது நன்றாகக் கிடைத்ததோ அது வலையில் ஏறும். ஒவ்வோர் ஈடு வெந்ததும், முள்ளையோ எலும்பையோ ஒட்டிய சதையில் ஒரு துண்டு பிய்த்து, ஊதி வாயில் போட்டுக்கொள்வாள். அவசரமே இல்லாமல் மெல்லுவாள். வாங்க வந்தவர் தட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கொடுத்துவைத்த வயிறு என்று கேலி செய்வார்கள். அவள் சிரித்துக்கொள்வாள்.

இவளுக்கு ஒரு சீடர் வந்து சேர்ந்தார். வயது ஐம்பத்தொன்பது, பெயர் தஸ்நேவிஸ். எட்டாம் வகுப்பில் இவளுக்கு அறிவியல் நடத்தி, இரண்டு தடவை பெஞ்சு மேல் ஏற்றியவர். ஓய்வுபெற்ற மனுஷர் இப்போது இவள் அடுப்புக்கு விசிறி வீசினார். தெருவே வேடிக்கை பார்த்தது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை, அவருக்கு இருந்த கவலை அப்படி.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஈஸ்டர் அன்று, மொட்டைமாடியில் அவர் கோழி சுட்டார். மேலெல்லாம் பொன்னாக முறுகி, பார்க்கவே நாக்கில் நீர் ஊறியது. ஆசையாக முதல் துண்டைப் பிய்த்துப் பேத்தி ஆன்லின் வாயில் ஊட்டினார். அப்போது அவளுக்கு நாலு வயது. எலும்போரம் வேகவே இல்லை. அவளுக்கு மட்டும் நாலு துண்டு ஊட்டி முடித்த பிறகுதான் அதை அவர் கண்டார். பிள்ளை ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது.

மகள் சுபீனா ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்பா வீட்டுக்கு எப்போது வந்தாலும், பிள்ளைக்கு என்று தனியாக ஒரு டப்பாவில் தயிர்ச்சோறு கட்டிக்கொண்டு வருவாள். அந்த நீல மூடி டப்பாவைப் பார்க்கும்போதெல்லாம் தஸ்நேவிஸ் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

முதல் நாள் அவர் கேட்ட கேள்வி, சுடுவதற்கு எது நல்லது, மீனா கறியா என்பது. ஜெசிந்தா அவர் கையில் நாலு மத்தி மீனைக் கொடுத்தாள். நாலையும் கரியாக்கினார். மறுநாள் சங்கரா, அதுவும் கரி. காடை கொடுத்த நாளில் அதை எலும்போடு அப்பளம் மாதிரி நொறுக்கலாம் போல் இருந்தது. வெந்தது என்று எல்லோரும் சொன்ன பிறகும் அவருக்கு மனசு கேட்காது. இன்னும் அஞ்சு நிமிஷம் என்பார்.

விஞ்ஞான வாத்தியார் அல்லவா, பிறகு ஒரு வெப்பமானி வாங்கி வந்தார். ஊசி மாதிரி நீண்டது, கறிக்குள் குத்தினால் சூடு காட்டும். அது சரியான எண்ணைத்தான் காட்டியது. அவர் அதை நம்பாமல் கொதிக்கிற தண்ணீரில் முக்கிச் சோதித்துவிட்டு வந்தார். மறுபடி கோழித் தொடையில் குத்தினார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம், நடுவில் என்று பதினாறு ஓட்டை. ஓட்டை வழியே சாறும் கொழுப்பும் கங்கில் சொட்டின. தீ குப்பென்று எழுந்து தொடையைச் சுருட்டியது.

"வெந்துட்டுன்னு நிச்சயமா எப்படி தெரியும், ஜெசிந்தா?" என்று கேட்டார்.

அவள் பக்கத்திலிருந்த தன் ஈட்டில் ஒரு துண்டைப் பிய்த்து, ஊதித் தின்றாள். கேட்ட கேள்வி காதில் விழாத அளவுக்கா பசி என்று அவருக்கு எரிச்சல் வந்தது.

தினமும் அதே கேள்வியைக் கேட்டார். தினமும் அவள் தின்றாள்.

மூன்று வாரம் ஆனது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சுபீனாவையும் ஆன்லினையும் கடைக்கே வரச் சொல்லிவிட்டார். கடை திறக்க இன்னும் நேரமிருந்தது. கோழித் தொடைதான் சுடுவேன் என்று பிடிவாதமாக நின்றார். மீன் வைக்கலாமே, சீக்கிரம் வேகுமே என்று ஜெசிந்தா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை.

சுபீனா வந்தாள். சிரித்தாள். நீல மூடி டப்பாவைப் பெஞ்சில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆன்லினுக்கு இப்போது ஆறு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. தாத்தா என்ன செய்கிறார் என்று அடுப்போரம் வந்து எட்டிப் பார்த்தாள்.

அவர் கங்கை ஒரு பக்கமாக ஒதுக்கி, தொடைகளை அனல் குறைந்த பக்கம் வைத்தார். மூன்று வாரத்தில் கை அவ்வளவு கற்றிருந்தது. திருப்பினார். காத்திருந்தார். ஒரே ஒரு தடவை குத்திப் பார்த்தார். எண் சரியாக இருந்தது. கத்தியால் கீறினார், தெளிந்த நீர்தான் வடிந்தது. இருந்தும் தொடையை மறுபடி வலையில் வைத்தார். எடுத்தார், வைத்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலும் பிள்ளையின் புறங்கையில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியும் கண்ணுக்கு முன்னால் நின்றன. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஜெசிந்தா வலையின் மறுபக்கம் தன் ஊளிகளை வைத்துவிட்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"அம்மா, பசிக்கி" என்றாள் ஆன்லின்.

சுபீனாவின் கை டப்பா மூடிக்குப் போனது. அதைத் தஸ்நேவிஸ் பார்த்துவிட்டார். இதற்கு மேல் தாமதித்தால் இந்த ஜென்மத்துக்கும் அந்த மூடிதான் திறக்கும் என்று அவருக்குத் தோன்றியது. தொடையைத் தட்டில் எடுத்து வைத்து எலும்போரத்தில் ஒரு துண்டு பிய்த்தார். ஊதினார். இரண்டு வருஷத்துக்கு முன்பு நீட்டிய அதே ஆசையோடு பேத்தியின் வாய்க்கு நேரே நீட்டினார்.

ஜெசிந்தா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"முதத் துண்டு உங்களுக்கு சார்."

"பிள்ளைக்குக் குடுக்காம நான் திங்கவா?"

"ஆமா."

அவர் அந்தத் துண்டைப் பார்த்தார். அந்த ஈஸ்டருக்குப் பிறகு கோழி என்பதையே அவர் வாயில் வைத்ததில்லை. இந்த மூன்று வாரமும் சுட்டதில் ஒரு விள்ளல்கூடத் தின்றதில்லை. எல்லோரும் பார்க்கிறார்கள். வாயில் போட்டுக்கொண்டார்.

சூடாக இருந்தது. எலும்பு வரைக்கும் வெந்திருந்தது. உப்பு ஒரு சிட்டிகை தூக்கல். மிளகு நன்றாகப் பிடித்திருந்தது. அவர் மென்றார், மெதுவாக, ஜெசிந்தா மெல்லுகிற மாதிரியே. விழுங்கினார். கண்ணில் நீர் வந்துவிட்டது, புகை என்று சொல்லித் துடைத்துக்கொண்டார்.

சுபீனா எழுந்து வந்தாள். அப்பா சாப்பிடுவதைத்தான் அவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டிலிருந்து இரண்டாவது துண்டைத் தானே எடுத்தாள், தானே தின்றாள். மூன்றாவதை ஊதி ஊதி ஆறவைத்து மகள் வாயில் கொடுத்தாள். ஆன்லின் ஓட்டைப் பல்லால் கடிக்க முடியாமல் ஓரப் பல்லுக்குத் தள்ளி மென்றாள். இன்னொன்று கேட்டாள்.

டப்பா பெஞ்சிலேயே இருந்தது. தாயும் மகளும் தட்டை எடுத்துக்கொண்டு கடல் தெரிகிற பக்கமாகப் போய் உட்கார்ந்தார்கள்.

தஸ்நேவிஸ் அடுப்போரம் நின்றார். பிள்ளை மெல்லுகிற ஒவ்வொரு வாயையும் இங்கிருந்தே எண்ணிக்கொண்டிருந்தார். ராத்திரி வயிறு வலிக்குமோ, காய்ச்சல் வருமோ என்று மனசு அதற்குள் ஓடத் தொடங்கிவிட்டது.

"எத்தனை வருஷமா இந்த வேலை பாக்க?" என்று கேட்டார்.

"பதினேழு."

"உனக்கு எப்பம் போச்சு, இந்தப் பயம்?"

ஜெசிந்தா தன் ஈட்டிலிருந்து ஒரு ஊளியை எடுத்தாள். முள்ளை ஒட்டிய சதையில் ஒரு துண்டு பிய்த்தாள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். அப்போதுதான் அவள் விரல் லேசாக நடுங்குவதை அவர் கவனித்தார்.

"எங்க சார் போச்சு? போயிருந்தா வாங்க வாரவங்க தட்டுல முதத் துண்ட வச்சிருக்க மாட்டனா" என்றாள். ஊதி, வாயில் போட்டுக்கொண்டாள்.