இரு கரைக்கும் ஒரு பாட்டு

கொன்றையூரில் அந்த ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் வருமுன்னே அரண்மனையில் சண்டை வந்துவிட்டது.

ராணி மங்கைநாயகி காலையெல்லாம் உட்கார்ந்து ஒரு முல்லை மாலை கட்டினாள். மன்னர் மாறவேலருக்கென்றே கட்டினாள். அவரோ ஏதோ நினைப்பில் அதை வாங்கிப் பட்டத்து யானையின் தந்தத்தில் மாட்டிவிட்டார். யானை அதைத் தின்றும்விட்டது. அன்றைக்கே ராணி அக்கரைத் தோட்ட மாளிகைக்குக் குடிபோய்விட்டாள்.

மன்னருக்குச் சோகம் தாங்கவில்லை. "இனி என் நாட்டில் பிரிவுப் பாட்டு மட்டும்தான்! காதல் பாட்டுப் பாடுகிறவன் நாட்டைவிட்டே போகவேண்டும்" என்று பறையறைவித்தார்.

செய்தி கேட்டு ராணி கொதித்தாள். "தப்பு செய்தவர் அவர். சோகப் பாட்டுக் கேட்டு உருகினால் ஊர் என்னையல்லவா கல்நெஞ்சக்காரி என்னும்?" அவளும் ஓர் ஆணை போட்டாள். காதல் பாட்டு மட்டும்தான். பிரிவுப் பாட்டுப் பாடினால் நாடு கடத்தல்!

நடுவில் மாட்டிக்கொண்டவர் அரண்மனைப் பாடகர் கோமளேசர். இப்படியே ஒன்பது நாள் போயிற்று; ஆற்றில் புதுத் தண்ணீரும் வந்துவிட்டது. மறுநாள் அதைக் கொண்டாடும் புதுப்புனல் விழா. நட்டாற்றில் பரிசலில் நின்று அவர் பாடவேண்டும். இக்கரையில் மன்னர், அக்கரையில் ராணி. மனிதர் அழாத குறையாகச் சித்தநாதனிடம் ஓடிவந்தார். சபையில் மன்னரைச் சிரிக்க வைக்கவும் தெரிந்தவர், சிந்திக்க வைக்கவும் தெரிந்தவர் சித்தநாதன்.

"பாடாமலே இருந்துவிட்டால்?" என்றார் சித்தநாதன்.

"விழாவைக் கெடுத்தேன் என்று இரண்டு பேரும் சேர்ந்து துரத்துவார்கள். என் இடத்துக்குத் தம் மருமகனைக் கொண்டுவரக் குணாகரப் பண்டிதர் இப்போதே அலைகிறார்."

"அது சரி, இந்த இரண்டு பாட்டுக்கும் அப்படி என்னய்யா வித்தியாசம்?"

"என்ன இப்படிக் கேட்டுவிட்டீர்! காதல் பாட்டில் நிலா குளிரும். பிரிவுப் பாட்டில் சுடும்."

"அதே நிலாவா?"

"அதே நிலாதான்."

"குயில்?"

"அதில் தேனாகக் கூவும். இதில் காதைக் குடையும்."

"தென்றல்?"

"அதில் தடவிக்கொடுக்கும். இதில் முள்ளாகக் குத்தும்."

சித்தநாதன் சிரித்தார். "நிலாவும் குயிலும் தென்றலும் மாறவே இல்லை. கேட்கிற மனசுதான் மாறுகிறது. அப்புறம் பாட்டு மட்டும் எதற்கய்யா இரண்டு?" ஓலையை எடுத்து நான்கு வரி எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை இரு கரையிலும் கூட்டம் நெரிந்தது. பரிசலில் கோமளேசர் எழுந்து நின்றார். ஓலையைப் பார்த்துப் பாடத் தொடங்கினார்.

"அன்பே, எந்தன் அருகில் வாராய்!
வாடும் முகத்தை நிமிர்ந்து பாராய்!
சொல்லும் சொல்லைச் செவியில் கேளாய்!
தவிக்கும் கைக்குன் கையைத் தாராய்!"

மன்னர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஆகா! வரமாட்டாய், பார்க்கமாட்டாய், கேட்கமாட்டாய், கை தரமாட்டாய்! என்ன அருமையான பிரிவுப் பாட்டு!"

அக்கரையில் ராணி முகம் மலர்ந்தாள். "வா, பார், கேள், கை கொடு என்கிறான்! காதல் பாட்டென்றால் இதுதான்!"

குணாகரப் பண்டிதருக்குப் பொறுக்கவில்லை. "மன்னா, ஏமாற்று! வாராய் என்றால் வா என்று அர்த்தம். இது காதல் பாட்டு. இந்தச் சித்தநாதன்தான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்!"

மன்னரின் முகம் சிவந்தது.  பக்கத்தில் நின்ற சித்தநாதன் கைகட்டிச் சொன்னார்: "மன்னா, வாராய் என்றால் வா என்றும் அர்த்தம், வரமாட்டாய் என்றும் அர்த்தம். இரண்டுக்கும் இலக்கணம் உண்டு. பண்டிதரையே கேளுங்கள்."

பண்டிதர் வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

"மழுப்பாதே! இந்தப் பாட்டில் எது? ஒன்றைச் சொல். தவறினால் பாடகனோடு நீயும் நாட்டைவிட்டுப் போ!" என்று உறுமினார் மன்னர்.

"அதைச் சொல்ல நான் யார் மன்னா? ராணியம்மா வந்தால் காதல் பாட்டு. வராவிட்டால் பிரிவுப் பாட்டு. கூப்பிட்டுத்தான் பாருங்களேன்."

மன்னருக்கு அப்போதுதான் உறைத்தது. பத்து நாளாகப் பறையறைவித்தாரே தவிர, ஒரு தடவைகூட அவர் ராணியைக் கூப்பிடவில்லை. மெல்ல எழுந்து தண்ணீரோரம் போனார். "மங்கை! வாராய்!" என்று கத்தினார்.

அக்கரையிலிருந்து பதில் வந்தது. "வாரீர்!"

மன்னர் திரும்பினார். "சித்தநாதா, இது வாருங்கள் என்பதா, நீர் வரமாட்டீர் என்பதா?"

"அது இனி உங்கள் கையில் மன்னா. பரிசலில் ஏறினால் முதல் அர்த்தம்."

மன்னர் செருப்பைக்கூட மாட்டவில்லை. முழங்கால் தண்ணீரில் இறங்கி, கரையோரம் கட்டியிருந்த ஒரு பரிசலை இழுத்து ஏறிக்கொண்டார். திரும்பி வரும்போது பக்கத்தில் ராணி இருந்தாள். மன்னர் கழுத்தில் புது முல்லை மாலை இருந்தது. யானையைத் தள்ளியே கட்டி வைத்திருந்தார்கள்.

இரண்டு ஆணைகளும் அங்கேயே ரத்தாயின. கோமளேசருக்குப் பொற்பதக்கம் கிடைத்தது. "உனக்கு என்ன வேண்டும், சித்தநாதா? கேள்" என்றார் மன்னர்.

"ஒரு நாள் விடுப்பு போதும், மன்னா. உங்கள் சண்டை தொடங்கியதிலிருந்து நான் வீட்டுப் பக்கமே போகவில்லை. என் மனைவி தினமும் ஆளனுப்பி, 'வாரீர், வாரீர்' என்கிறாள். முதலில் வாருங்கள் என்றுதான் சொன்னாள். நேற்றிலிருந்து அர்த்தம் மாறிவிட்டது!"

மன்னர் சிரித்த சிரிப்பு அக்கரை வரைக்கும் கேட்டதாம்.