அரசரின் காதுக்கு இரண்டு ஒற்றர்கள்

"ராஜா பாட்டுப் போட்டாலே எங்க வீட்டுல பால் திரிஞ்சுபோகுது, அக்கா."

"உனக்கென்னடி? நீ தயிர்தானே விக்கிற?"

"தயிரா ஆனாத்தான் தேவலையே!"

சந்தையில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த அஞ்சுகத்தின் காதில் இது தற்செயலாக விழுந்தது. அவள்தான் நீலவாவி நாட்டின் அரண்மனை ஒலிப்பதிவு அதிகாரி. ஆம், அந்த நாட்டில் ராஜாவும் இருந்தார், கரண்டும் இருந்தது. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் அஞ்சுகத்துக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கண்ணும் காதும் மட்டும் எந்நேரமும் திறந்தே இருக்கும்.

அரசர் கம்பீரசேனருக்குப் பாட்டுப் பைத்தியம். உடை மாற்றும் சின்ன அறையில் மைக்கும் கணினியும் வைத்துக்கொண்டு தானே பாடுவார், தானே பதிவு செய்வார், குமிழ்களைத் திருகித் தானே மெருகும் ஏற்றுவார். வெள்ளிக்கிழமைதோறும் கோபுர ஒலிபெருக்கியில் அதை ஊருக்கே போடுவார். அன்றைக்கு நாய்களெல்லாம் பக்கத்து நாட்டுக்குப் போய்விட்டுச் சனிக்கிழமைதான் திரும்பும்.

அன்று மாலை அரசர் அவளை அழைத்தார்.

"அஞ்சுகம், என் குரல் இங்கே கும்மென்று இடிக்கிறது. கூர்மையே இல்லை. பதினோரு ஜோடி ஸ்பீக்கர் மாற்றியாயிற்று. வெள்ளிக்கிழமைக்குள் நல்ல ஜோடி வேண்டும். இல்லாவிட்டால் நீ எல்லைக் கோட்டைக்குப் போய் அகழியில் தவளை எண்ணு."

"முந்நூறு வராகன்" என்றார் மகாராணி, கஜானாச் சாவியை இடுப்பில் செருகியபடி. "அதற்கு மேல் ஒரு காசு கிடையாது."

அமைச்சர் வல்லபராயர் குனிந்து கனைத்தார். "பிரபு, என் மைத்துனர் கடையில் ஒரு ஜோடி இருக்கிறது. ஒவ்வொன்றும் மாட்டுவண்டி அளவு. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் யார் பாடினாலும் சிங்கம் கர்ஜிப்பதுபோல் இருக்கும்!"

அன்று இரவு முழுதும் அஞ்சுகம் யோசித்தாள். அரண்மனைக்குள் இடிக்கிற பாட்டு, தெருவில் ஏன் பாலைத் திரிய வைக்கிறது?

மறுநாள் அரசர் பாட்டுக் கேட்கும்போது ஓரமாக நின்று பார்த்தாள். அரசர் நாற்காலியில். ஸ்பீக்கர்கள் தரையில். அரசரின் பாட்டனார் காலத்துச் சட்டம் அது: அரசர் காது மட்டத்தில் ஒற்றர் குரலைத் தவிர எந்தக் குரலும் ஒலிக்கக்கூடாது. அதனால்தான் அந்த அரண்மனையில் எல்லோருக்கும் முதுகு கூன். ஸ்பீக்கர்களுக்கும் விலக்கில்லை. பாவம், பதினோரு ஜோடியும் இத்தனை நாளாக அரசரின் கணுக்காலுக்குப் பாடிக்கொண்டிருந்தன! கும்மென்ற சத்தம் மட்டும் தரையில் அதிர்ந்து மேலே வந்தது. கீச்சுக் குரலெல்லாம் கணுக்காலோடு நின்றுவிட்டது. கூர்மை போதவில்லை என்று அரசர் கீச்சுக் குமிழைக் கடைசிவரை திருகி வைத்திருந்தார். அந்தக் கீச்செல்லாம் கோபுரம் வழியே ஊர்க் காதில்தான் விழுந்தது.

அஞ்சுகம் கடைத்தெருவுக்குப் போனாள்.

"பேஸ் கும்முன்னு எப்படி அதிருது பாருங்கம்மா!" என்றார் கடைக்காரர்.

"அதிர வேண்டாம், அண்ணே. இருப்பதை இருக்கிறபடி சொல்ல வேண்டும். அறையும் சின்னது."

"அப்படி ஒண்ணு இருக்கு. ஸ்டுடியோ மானிட்டர்னு பேரு. யாரும் விரும்ப மாட்டாங்க. மோசமாப் பாடினா மோசமாவே காட்டும்."

"போடுங்கள்."

அவள் கொண்டுவந்திருந்த அரசரின் பாட்டைப் போட்டார். கடைப்பூனை அலமாரி மேல் ஏறிக்கொண்டது. அஞ்சுகத்தின் முகம் மலர்ந்தது. "இதுதான் வேண்டும்!"

ஒரு முழம் உயரம்கூட இல்லாத அந்தக் கறுப்புப் பெட்டிகளின் விலை இருநூற்றுத் தொண்ணூறு வராகன்.

வெள்ளிக்கிழமை. அரசர் அறைக்குள் வந்தார். பின்னாலேயே வந்த வல்லபராயர் அலறினார். "துரோகம்! பாருங்கள் பிரபு! ஸ்டூல் போட்டு ஏற்றி வைத்திருக்கிறாள்! உங்கள் காது மட்டத்துக்கு!"

அரசரின் மீசை துடித்தது. "அஞ்சுகம்! சட்டம் தெரியாதா உனக்கு?"

"தெரியும், அரசே" என்றாள் அஞ்சுகம். "உங்கள் காது மட்டத்தில் ஒற்றர்கள் மட்டும் பேசலாம். இவர்கள் ஒற்றர்கள். நேற்றுத்தான் வேலைக்குச் சேர்த்தேன்."

"ஒற்றர்களா? பெயர்?"

"இடது, வலது."

"எதை வேவு பார்த்தார்கள்?"

"உங்கள் பாட்டை."

அரசர் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்தார். அஞ்சுகம் பாட்டைத் தட்டிவிட்டாள். "ஙீஈஈ..." என்று தொடங்கியது. அரசர் பளாரென்று தன் கன்னத்திலேயே அறைந்துகொண்டார்.

"சே! கொசு!"

"கொசு இல்லை, அரசே" என்றாள் அஞ்சுகம் தரையைப் பார்த்தபடி. "நீங்கள்தான்."



"பொய்!" என்று குதித்தார் வல்லபராயர். "இதுகள் எதிரி நாட்டுக் கைக்கூலிகள்! என் மைத்துனர் பெட்டியில் இதே பாட்டைப் போடுங்கள், சிங்கமாகக் கேட்கும்!"

அரசர் அஞ்சுகத்தைப் பார்த்தார். "என்ன சொல்கிறாய்?"

"அமைச்சர் சொல்வது சரிதான், அரசே. அந்தப் பெட்டியில் நீங்கள் சிங்கம்தான். ஆனால் ஊராரிடம் அந்தப் பெட்டி இல்லை. வீட்டுக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்துவிட்டால் எல்லோருக்கும் நீங்கள் சிங்கமாகிவிடலாம். பணத்துக்கு... மகாராணியிடம் நீங்களே கேட்கிறீர்களா?"

அரசர் வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நாற்காலி ஆட ஆடச் சிரித்தார். சிரித்து முடித்துக் கீச்சுக் குமிழைப் பாதிக்குத் திருப்பினார். பாட்டு மறுபடி ஓடியது. அவ்வளவு மோசமில்லை.

"தவளைகளைக் கடவுள் எண்ணிக்கொள்ளட்டும். உனக்கு என்ன பரிசு வேண்டும், கேள்."

அஞ்சுகம் கூச்சத்தில் நெளிந்தாள். "வேவு பார்த்தது நானில்லையே, அரசே."

அரசர் எழுந்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி வலது ஸ்பீக்கருக்குப் போட்டார். இடதுக்கும் போட வேண்டுமே என்று கழுத்தைத் தடவிப் பார்த்தார். வேறு மாலை இல்லை. கிரீடத்தைக் கழற்றி, இடது ஸ்பீக்கரின் தலையில் வைத்தார்.