அழ வராத கோடீஸ்வரர்

பணக்காரனுக்கு மனக்கஷ்டம் என்றால் நமக்குச் சிரிப்புதான் வரும். எனக்கும் அப்படித்தான். ஆனால் அன்றைக்கு மடத்துக் கூடத்தில் பூவராகன் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்திருந்தால் நீங்களும் சிரித்திருக்க மாட்டீர்கள்.

போனில் பணம் அனுப்புகிற ஆப் ஒன்றைச் செய்து நாற்பதாயிரம் கோடிக்கு அதிபதியானவர் பூவராகன். அதற்கு எத்தனை சைபர் என்று என்னைக் கேட்காதீர்கள், நானும் விரல் விட்டுத்தான் எண்ண வேண்டும். கொல்லிமலை அடிவாரத்து மடத்தில் இருக்கும் சாமிக்கு அவர் சீடர். சாமி அவரைவிடப் பத்து வயது இளையவர்.

அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இறந்தவர் நினைவாக ஒருநாள் சாப்பாடு போட நினைப்பவர்கள் பந்தியில் நின்று தங்கள் கையாலேயே சோறு போட வேண்டும். செலவு பதினைந்தாயிரம் ரூபாய். கோடீஸ்வரர் வந்தாலும் அதற்கு மேல் ஒரு பைசா வாங்க மாட்டார்கள். பூவராகன் தன் அம்மா கனகத்தின் முதல் வருட நினைவுக்கு வந்தவர், நூறு வருடத்துக்கும் சேர்த்தே தருகிறேன் என்று கெஞ்சிப் பார்த்தார். சாமி மசியவில்லை.

முதல் நாளே வந்து தங்கியதுதான் அவருக்கு வினையாகப் போயிற்று. அன்றைய பந்தி ராசிபுரத்து ஆட்டோ டிரைவர் சின்னராசுவுடையது. அவருக்கும் அம்மாவின் நினைவு நாள்தான். சோறு போட்டுக்கொண்டே வந்த மனுஷன் பாதிப் பந்தியில் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். சாப்பிட்டவர்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மறுநாள் பூவராகன் சோறு போட்டார். கடைசி இலைவரை போட்டு முடித்தார். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு சாமியிடம் வந்து உட்கார்ந்தார்.

"எனக்கு அம்மா மேல பாசமே இல்லையோன்னு பயமா இருக்கு சாமி."

சின்னராசுவுக்கு மொத்தம் என்ன சொத்து இருக்கும் என்று கேட்டார் சாமி. ஒரு பழைய ஆட்டோ, கொஞ்சம் சீட்டுப் பணம், எல்லாம் சேர்த்தால் ஒன்றரை லட்சம் தேறும் என்றார் பூவராகன். வியாபாரியாச்சே, முந்தின நாள் பேச்சுவாக்கில் விசாரித்து வைத்திருந்தார்.

"அவர் கொடுத்தது அதுல எத்தனை பங்கு?"

"பத்துல ஒண்ணு."

"நீங்க கொடுத்தது?"

பூவராகன் கணக்கில் புலி. மனசுக்குள்ளேயே போட்டுப் பார்த்தார். தன் சொத்தைச் சின்னராசுவின் சொத்து அளவுக்குச் சுருக்கினால், தான் கொடுத்த பதினைந்தாயிரம் அரைப் பைசாவுக்குக் கொஞ்சம் மேலே வந்தது. அதைச் சொல்வதற்கே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"அரைப் பைசாவுக்கு யாருக்குத்தான் அழுகை வரும்?" என்றார் சாமி. கேலியாகச் சொல்லவில்லை. பாவம் இந்த மனுஷன் என்று நினைத்துத்தான் சொன்னார்.

"அப்ப நான் எவ்வளவு கொடுத்தா வரும் சாமி?"

"உங்களுக்குப் பத்துல ஒண்ணு எவ்வளவு?"

"நாலாயிரம் கோடி."

அப்புறம் பேச ஆரம்பித்தார் பாருங்கள், நிறுத்தவே இல்லை. பணமெல்லாம் ஷேரில் இருக்கிறதாம். நினைத்தவுடன் விற்க முடியாதாம். விற்றால் விலை சரிந்துவிடுமாம். கம்பெனி போர்டு ஒத்துக்கொள்ளாதாம். எதற்கும் ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்க வேண்டுமாம். சாமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

பேசிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். அம்மாவுக்கென்று கேட்டதற்கா இத்தனை சாக்கு என்று அவருக்கே உறைத்திருக்க வேண்டும். முகம் கறுத்துப் போயிற்று.

"பாருங்க சாமி, நான் பயந்த மாதிரியே ஆச்சு. எனக்குப் பாசம் இல்லை," என்றார்.

"அந்தப் பணம் இங்கே வேண்டாம். நீங்க கொடுக்கணும்னும் நான் சொல்லலை," என்றார் சாமி. கொஞ்சம் நெருங்கி உட்கார்ந்தார். "உங்களுக்கு முதல் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தது யாரு?"

"அம்மாதான்."

"அன்னைக்கு அவங்ககிட்ட என்ன இருந்தது?"

"ஒரு ஜோடி கம்மல். அதைத் தவிர ஒண்ணும் இல்லை."

"அதுல எத்தனை பங்கு கொடுத்தாங்க?"

பூவராகன் வாயைத் திறந்தார். மேல்துண்டை முகத்தில் பொத்திக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். சாமி எழுந்து போகாமல் பக்கத்திலேயே இருந்தார்.