கொக்கரப்பட்டி பால் சங்கத்துக் கம்ப்யூட்டருக்குக் குரல் போன கதை

கொக்கரப்பட்டி பால் சங்கத்தை மூன்று பேர் நடத்தி வந்தார்கள். மூன்று பேருக்கும் மூளை இருந்தது. தேய்ந்துவிடக் கூடாதே என்று யாரும் அதைத் தொடுவதில்லை, அவ்வளவுதான். தலைவர் பரங்கிரி, பால் அளக்கும் மாயக்கிருஷ்ணன், செயலாளர் வேதமுத்து. இவர்களில் வேதமுத்து எட்டாம் வகுப்பில் பாதி வரை போனவர் என்பதால் கம்ப்யூட்டர் அவர் பொறுப்பில் இருந்தது.

அன்று காலை பதினொரு மணிக்கு மாவட்ட அதிகாரி கம்ப்யூட்டரில் தோன்றிப் பேசுவதாக ஏற்பாடு. வட்டாரத்துக்கே ஒரு குளிரூட்டும் தொட்டிதான் வந்திருந்தது. எந்த ஊருக்கு ஏன் வேண்டும் என்று அவர் கேட்பார். ஊர்க்காரர்கள் பதில் சொல்ல வேண்டும். வெயில் காலத்தில் கொக்கரப்பட்டிப் பால் தினமும் குடம் குடமாகத் திரிந்து வீணாகிக்கொண்டிருந்தது. தொட்டி இல்லாமல் ஊர்ப் பெண்கள் முகத்தில் விழிக்க முடியாது என்பது வேதமுத்துவுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்த சில விஷயங்களில் அது ஒன்று.

எட்டரைக்குக் கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார். படம் வந்தது. சத்தம் வரவில்லை.

தொண்டை கட்டியிருக்கும், மிளகுப்பால் கொடுக்கலாம் என்றார் மாயக்கிருஷ்ணன். கம்ப்யூட்டருக்கு வாய் எங்கே இருக்கிறது என்று மூவரும் தேடினார்கள். கிடைக்காததால் அந்தச் சிறந்த யோசனை கைவிடப்பட்டது.

டவுனில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த நிலோஃபருக்கு வேதமுத்து போன் போட்டார். திறந்து கிடக்கிற விண்டோ எல்லாவற்றையும் முதலில் மூடச் சொன்னாள் அந்தப் பெண். சங்கத்துக்கு நாலு ஜன்னல். நாலையும் இழுத்து மூடி, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, கதவையும் மூட வேண்டுமா என்று வேதமுத்து பணிவாகக் கேட்டார். நிலோஃபருக்கு விளங்கவில்லை. வேண்டாம் என்றாள்.

அடுத்து, பின்னால் போய்ப் பார்க்கச் சொன்னாள். பச்சை நிறத்தில் ஒரு ஓட்டை இருக்கும், ஸ்பீக்கர் ஒயரை அதில் செருகுங்கள் என்றாள்.

மூவரும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் போனார்கள். அந்தப் பெண் சொன்னது அச்சுப் பிசகாமல் இருந்தது. பாசி பிடித்துப் பச்சைப் பசேலென்று ஒரு சாக்கடை ஓட்டை. டவுனில் உட்கார்ந்துகொண்டே இதையெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாளே என்று வேதமுத்துவுக்கு உடம்பு சிலிர்த்தது. முழங்கை வரை கையை விட்டு ஒயரைச் செருகினார்கள்.

சத்தம் வருகிறதா என்று கேட்டாள் நிலோஃபர்.

"வருதும்மா. ஆனா தவளை கத்துற மாதிரி வருது."

கரகரவென்று கேட்டால் டிரைவர் கோளாறுதான் என்று அவள் முடிவு கட்டினாள். "டிரைவரைத் தூக்கிட்டு மறுபடியும் போடுங்க சார். சரியாயிடும்."

பால் வண்டி டிரைவர் லூர்து அப்போது வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக ஒரு கோளாறும் இல்லாமல் வண்டி ஓட்டியவர். ஆனால் மனிதனுக்குள்ளே என்ன இருக்கிறது என்று யார் கண்டார்கள்? எவ்வளவு உயரத்திலிருந்து போடுவது என்பதில்தான் விவாதம் வந்தது.

"இடுப்பு உயரம் போதும்" என்றார் மாயக்கிருஷ்ணன்.

"அரைகுறையாப் போட்டா மறுபடியும் போட வேண்டி வரும். தோள் உயரம்தான்" என்றார் தலைவர்.

சங்கத்துக்காக என்று சொன்னதும் லூர்து டீயைக் குடித்து முடித்துவிட்டு, கையைக் காலைத் தளர்த்திக்கொண்டு ஒத்துழைத்தார். தூக்கினார்கள். போட்டார்கள். வேதமுத்து போனை எடுத்து, டிரைவரைப் போட்டாச்சு, இடுப்பில் கொஞ்சம் அடி, ஆனால் ஜன்னலெல்லாம் மூடித்தான் இருக்கிறது என்று தகவல் சொன்னார்.

 யாரும் எதையும் தொட வேண்டாம், நானே வருகிறேன் என்று சொல்லி நிலோஃபர் ஸ்கூட்டரை எடுத்தாள்.

வந்தவள் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். அது விழிக்கும்போதே ஒரு பொத்தானைத் தட்டி, யாரும் பார்த்திராத ஒரு நீலப் பக்கத்துக்குள் போனாள். கம்ப்யூட்டரின் உள்பலகையிலேயே சத்தம் தரும் பகுதி இருக்கிறது, அது இங்கே அணைந்து கிடக்கிறது என்று காட்டினாள். அதை உயிர்ப்பித்தாள். சாக்கடையிலிருந்து ஒயரை உருவிக் கழுவித் துடைத்து, கம்ப்யூட்டரின் முதுகிலிருந்த பச்சை ஓட்டையில் செருகினாள். பாட்டு கணீரென்று வந்தது. அவள் போகும்போது லூர்துவையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி பக்கம் போனாள்.

பதினொன்றுக்கு அதிகாரி தோன்றினார்.

"கொக்கரப்பட்டி, நான் பேசுறது கேட்குதா?"

மூவரும் தலையாட்டினார்கள்.

"தலையாட்டினா எப்படிங்க? வாயைத் திறங்க."

வேதமுத்துவுக்கு ஒரு கணம் தயக்கம். ஆனால் மாவட்ட அதிகாரி காரணம் இல்லாமல் சொல்வாரா? வாயைத் திறந்தார். மற்ற இருவரும் திறந்தார்கள்.

"நல்லாத் திறங்க" என்றார் அதிகாரி.

இன்னும் திறந்தார்கள். தலைவரின் பல்செட் மேசைமேல் விழுந்தது. மாயக்கிருஷ்ணனுக்கு எச்சில் ஒழுகியது. யாரும் அசையவில்லை.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம், மாடுகளுக்கு வாய் புண்ணாகி எச்சில் ஒழுகுமே, அந்தக் கோமாரி அந்த ஊரில் பரவியிருக்கிறதா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார். பார்க்கவே பாவமாக இருக்கிறது, தொட்டியை அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள், நாளைக்கே மாட்டு டாக்டரையும் அனுப்புங்கள் என்று உத்தரவு போட்டார். வாயைத் திறந்தபடியே வேதமுத்து ஆனந்தக் கண்ணீர் விட்டார்.

தொட்டி வந்தது. கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது: சங்க உறுப்பினர்கள் அனைவரும் காலை எட்டு மணிக்குத் தவறாமல் வந்து கோமாரித் தடுப்பூசி போட்டுக்கொள்ளவும்.

எட்டு மணிக்கு மாட்டு டாக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். நூற்றுப் பன்னிரண்டு பேர் கையை மடித்து விட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள். டாக்டர் வரிசையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, மாடெல்லாம் எங்கே என்று கேட்டார்.

முதல் ஆளாக நின்ற வேதமுத்து உறுப்பினர் பதிவேட்டைப் பிரித்து, கடைசிப் பக்கம் வரை விரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மாடு யாரும் இன்னும் உறுப்பினர் ஆகலீங்களே, டாக்டர்."