கரடி இருமிய எண்ணெய்

ஒலிவ மலையில் ஓர் அணில் இரண்டு குட்டிகளோடு இருந்தது. மழையே இல்லை. அது குடியிருந்த ஒலிவ மரம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வந்தது.

அந்த வருஷம் ஏழு காடுகளுக்கும் சேர்த்து ஒலிவ எண்ணெய்ப் போட்டி வைத்தார்கள். ஜெயிக்கிறவர் மரத்துக்குக் கோடை முழுக்க ஊற்றுத் தண்ணீர் விடுவதாக ஊற்றைக் காக்கும் யானை சொல்லிவிட்டது.

அணில் பச்சைக் காயாகப் பறித்து, அன்றைக்கே நசுக்கி எண்ணெய் எடுத்தது. ஜாடியைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, கூச்சத்தில் புதருக்குப் பின்னால் நின்றுகொண்டது.

கரடிதான் நடுவர். நிறத்தைப் பார்த்து மயங்கக் கூடாது என்று நீலக் கிண்ணத்தில்தான் ஊற்றிக் கொடுத்தார்கள். கரடி கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கும். மோந்து பார்க்கும். பிறகு ஒரு வாய் உறிஞ்சும்.

நரியின் எண்ணெய்க்குத் தலையை மட்டும் ஆட்டியது. அணிலின் எண்ணெயை உறிஞ்சியதும், "லொக்! லொக்!" என்று இருமியது. கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

காக்கா புதருக்குப் பறந்து வந்தது.

"போச்சு அணிலக்கா! எண்ணெய் எடுத்தியா, மிளகு ரசம் வச்சியா? கரடி ஐயா தொண்டை கிழிஞ்சுபோச்சு!"

"ஐயோ! கொஞ்சம் கசப்பாத்தான் இருந்துச்சு. இப்ப என்ன பண்ணுவேன்?"

"சாயங்காலம் இன்னொரு சுற்று இருக்கே! இதமா ஏதாவது கலந்துவிடு!"

"கரடி ஐயாவையே கேட்டுப் பார்க்கட்டுமா?"

"போய்க் கேளு! ஏழு காடும் சிரிக்கட்டும்!"

அதைக் கேட்டதும் அணிலுக்குக் கால் நகரவில்லை. குட்டிகளுக்குத் தேய்த்துவிட, விழுந்து அழுகிய பழத்தில் எடுத்த, காரமே இல்லாத எண்ணெய் கொஞ்சம் அதனிடம் இருந்தது. யாரும் பார்க்காதபோது அதை ஜாடியில் ஊற்றிவிட்டது.

சாயங்காலம் கரடி மறுபடி உறிஞ்சியது. இருமல் வரவில்லை. அணிலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் கரடி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டது.

"யாரோடது இது?"

"என்... என்னோடதுங்க ஐயா."

"காலையில் இதே ஜாடி எண்ணெய் என்னை இரண்டு தரம் இருமவைத்ததே! நல்ல பச்சைக்காய் எண்ணெய் அப்படித்தான் தொண்டையைப் பிடிக்கும். உனக்குத்தான் முதலிடம் என்று இருந்தேன். இப்போது அழுகல் வாடை வீசுதே, ஏம்மா?"

அணில் வாலால் முகத்தை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னது.

"என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா! கலந்த எண்ணெய்க்கு நான் பரிசு கொடுக்க முடியாதே" என்றது கரடி.

"எனக்கென்ன தெரியும்! அவர் இருமினார், நான் சொன்னேன்!" என்று காக்கா பறந்துவிட்டது.

தண்ணீர் நரியின் மரத்துக்குப் போனது.

கோடை முடிவதற்குள் அணிலின் மரம் பட்டுப்போனது. கூட்டுக்கு மேலே ஓர் இலைகூட இல்லை. அணில் ஒரு குட்டியை வாயில் கவ்விக்கொண்டு மலையை விட்டு இறங்கியது. பிறகு இன்னொரு குட்டிக்காகத் திரும்பவும் ஏறி வந்தது.

விஷயம் தெரிந்தவரிடம் கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு விஷயம் தெரியாதவர் பேச்சை நம்பினால், கையிலிருக்கும் நல்லதை நாமே கெடுத்துக்கொள்வோம்.